வரைபடத்தில் பூங்கா, இடத்தில் சீமைக்கருவேலம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் நகர் சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிறது. ஊராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. 140 வீடுகள். மனைப்பிரிவு வரைபடத்தில் ‘பூங்கா’ என்று போட்டிருக்கும் 80-க்கு 120 அடி இடம் இருபது வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடக்கிறது. உள்ளே கருவேலம், கட்டட இடிபாடு, பாட்டில், நாலைந்து கார். பக்கத்து மனைக்காரர் சுவரை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார் என்றும் பேச்சு. நலச்சங்கத்தில் பாதிப் பேர் ‘காம்பவுண்டு எழுப்பிப் பூட்டு போடுவோம், நம்ம நகர்க்காரங்களுக்கு மட்டும் சாவி’ என்கிறார்கள். பையன்கள் ஷட்டில் கோர்ட் கேட்கிறார்கள். பெரியவர்கள் நடைபாதை கேட்கிறார்கள். ஒருவர் பிள்ளையார் வைத்தால் இடம் தானாகச் சுத்தமாகிவிடும் என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றிப் பதினோரு பேர் வெளியேறிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு செலவாகும்?
— சங்கத்தின் இணைச்செயலாளராக இருக்கும் ஒரு வாசகி

பதில்:

கோர்ட்டா, கோயிலா, பூட்டா என்று இவ்வளவு பேசியிருக்கிறீர்கள். அந்த இடம் இன்று யார் பேரில் இருக்கிறது என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் ஒரு கூடை மண்கூட அள்ளாதீர்கள். நாலு மாதம் பாடுபட்டுச் சுத்தம் செய்த பிறகு, மனைப்பிரிவு போட்டவரின் வாரிசு பத்திரத்தோடு வந்து நிற்பது நடக்காத கதையில்லை. சுத்தமான இடத்துக்கு விலையும் கூடியிருக்கும்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது பூங்காவுக்கான இடத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் அப்போது ஊராட்சி. அதனால் பத்திரம் ஊராட்சி மன்றத்தின் பேரிலோ ஊராட்சி ஒன்றியத்தின் பேரிலோ இருக்கக்கூடும். பழைய கிராமப் பெயர், பழைய சர்வே எண், பழைய சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் வைத்துத் தேடுங்கள். உட்பிரிவு செய்த புது எண்ணை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடுவது வழக்கமான தவறு. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அடுத்து பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்). கடைசியாக, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடம். அதில் ‘பி.பி.டி./எல்.ஓ.’ என்று தொடங்கும் எண் இருக்கும். வீட்டுக் கடன் வாங்கிய யாராவது ஒருவரின் கோப்பில் அதன் நகல் கட்டாயம் கிடக்கும்.

அந்த எண்ணே இல்லையென்றால் உங்களுடையது அனுமதி பெறாத மனைப்பிரிவு. அப்போது ‘பூங்கா’ என்று போட்டது விற்றவரின் விளம்பரப் படமாகவே இருக்கலாம். 2017-ன் வரன்முறைத் திட்டத்தில் மனைப்பிரிவு சேர்ந்ததா, அதில் அந்த இடத்துக்கு என்ன முடிவானது என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

இன்னொரு கணக்கு இடிக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. 140 மனை, மனைக்கு ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) என்றால் சுமார் 15 கிரவுண்டு வந்திருக்க வேண்டும். எல்லாமே அரை கிரவுண்டு என்று வைத்தாலும் ஏழெட்டு வரும். நீங்கள் சொல்லும் இடமோ 9,600 சதுர அடி, அதாவது நாலு கிரவுண்டு. மனைப்பிரிவு போட்ட ஆண்டின் விதியைப் பொறுத்துச் சற்று முன்பின் இருக்கலாம். ஆனாலும் இன்னொரு பூங்கா இடம் எங்கோ வேறு பெயரில் ஒளிந்திருக்கிறதா என்று வரைபடத்தை ஒரு முறை ஆற அமரப் பாருங்கள்.

காகிதம் கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ‘ஏன் இருபது வருஷமாகப் பூங்கா அமைக்கவில்லை?’ என்று எழுதாதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், காரணம் சொல்லாது. அந்த ஒரு கேள்வியைச் சாக்காக வைத்து மொத்த மனுவையும் தள்ளிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்த எண் கொண்ட மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடங்களின் சர்வே எண்ணும் பரப்பும், அவற்றின் தானப் பத்திர எண், தேதி, நகல், மாநகராட்சியின் திறந்தவெளி நிலப் பதிவேட்டில் அவை ஏறியிருக்கும் பக்கத்தின் நகல், கடந்த மூன்று நிதியாண்டில் இந்த இடத்துக்கு மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் நகல். இந்த நான்கும் போதும். வரைபட நகலுக்கு சி.எம்.டி.ஏ.வுக்குத் தனி மனு. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பெரும்பாலான மனுக்கள் செத்துப்போவது அந்த இரண்டாவது முப்பது நாளில்தான்.

பத்திரமும் பட்டாவும் மாநகராட்சி பேரில் இருந்தால் நிம்மதி. பத்திரம் இருந்து, பட்டா மட்டும் பழைய பேரில் நின்றால் பெயர் மாற்றம் கேட்டு மண்டல அலுவலரிடம் மனு. பத்திரமே இல்லையென்றால் பூங்கா வேலையை நிறுத்திவிட்டு, வரைபடத்தின் நகலோடு ஆணையர், சி.எம்.டி.ஏ., சார்பதிவாளர் மூன்று பேருக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல், பெங்களூர் பூங்கா ஒன்றைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

பக்கத்து மனைக்காரர் விஷயம். குழுவில் அவர் பெயரைப் போட்டுப் படம் பகிர்வதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நாலடியா, நாலு அங்குலமா என்று இதுவரை யாரும் அளக்கவில்லை. அளக்கக் கேட்க வேண்டியது நிலத்தின் சொந்தக்காரர், அதாவது மாநகராட்சி. உதவிப் பொறியாளர் வட்ட நில அளவையருக்குக் கடிதம் எழுத வேண்டும். அதற்கான மனுவை நீங்கள் கொடுங்கள். அளக்கும் நாளில் அந்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிற்கச் சொல்லுங்கள். கல் நட்ட பிறகு அவரே இறங்கி வருவதும் உண்டு. வராவிட்டால் நோட்டீஸ் கொடுப்பதும் இடிப்பதும் மாநகராட்சியின் வேலை. சங்கம் கடப்பாரையைத் தொட்டால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள்.

இனி பூட்டு. மக்களுக்கு என்று தானமாக எழுதிக் கொடுத்த இடம் எல்லோருக்கும் பொது. நகர்வாசிகளுக்கு மட்டும் சாவி என்பது செல்லாது. சட்டத்தை விடுங்கள், நடைமுறைக்கே அது கெடுதல். சொந்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் மாலை ஏழு மணிக்குத்தான் வேலையிலிருந்து வீடு திரும்புவார்கள். நாலு மணிக்குப் பூங்காவில் இருக்கப்போவது யார்? வாடகை வீட்டுப் பெண்கள், பின் தெருப் பிள்ளைகள், அடுக்குமாடியின் காவலாளி, வீட்டு வேலை முடித்துப் போகிறவர்கள். பூங்காவைக் காப்பது இவர்களின் கண்கள். இவர்களை வெளியே தள்ளிப் பூட்டினால் உள்ளே ஆளிருக்காது. ஆளில்லாத இடத்துக்குப் பாட்டில் தானாக வரும். ராத்திரி பத்து மணிக்கு மூடி விடியற்காலை ஐந்துக்குத் திறப்பது வேறு விஷயம், அது தேவைதான்.

எட்டடிச் சுவரும் வேண்டாம். உயரமான சுவர் குடிப்பவர்களுக்கு மறைப்பு. இரண்டரை அடி அடிச்சுவர், மேலே மூன்றடி கம்பிக் கிரில், தெருவிலிருந்து பார்த்தால் கடைசி மூலை வரை தெரிய வேண்டும். வாசல் எதிரெதிரே இரண்டு. சிக்கலான நேரத்தில் ஒரு பெண் வெளியேற வேறு வழி இருக்க வேண்டும். ஒரு வாசலாவது மூன்றடி திறப்போடு, படியில்லாமல், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற சரிவில் இருக்கட்டும். பைக் வராமல் இருக்க வளைவுக் கம்பி போடுவார்கள். அது பைக்கை நிறுத்துமோ என்னவோ, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் கட்டாயம் நிறுத்தும்.

குழுவைப் பற்றி. சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் பூங்காவை ஒப்படைக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பழைய கணக்குகள் இருக்கின்றன. ஒன்பது பேர் கொண்ட தனிப் பூங்காக் குழு போடுங்கள். அதில் குறைந்தது நாலு பெண்கள், வாடகைக்கு இருக்கும் ஒருவர், பின் தெருவிலிருந்து ஒருவர், பதினாறு பதினேழு வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருக்க வேண்டும். தலைவர், துணைத்தலைவர் பதவிகள் வேண்டாம், வேலைகள் வேண்டும்: சாவி, தண்ணீர், பணம், மாநகராட்சி அலுவலகத்துக்கு நடப்பது, புகார் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், யாராவது ஒருவருக்கு மட்டும் இரண்டு வேலை. ஒருவர் அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டால் மற்றவர் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு மட்டும் போடலாம், விவாதம் கூடாது. குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள், போனவர்களில் பாதிப் பேர் திரும்ப வருவார்கள். முடிவெல்லாம் அந்த இடத்திலேயே நின்று பேசி, ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியது. நோட்டில் இல்லாதது முடிவே இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பணம் வாங்குவதற்கு முன் சங்கம் 1975-ன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகி இருக்கிறதா, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்திருக்கிறதா என்று பாருங்கள். பல சங்கங்கள் ஏழு பேரைச் சேர்த்துப் பதிவு செய்ததோடு சரி. கணக்கு காட்டாமல் ஐந்தாறு வருஷம் ஓடியிருக்கும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, பத்து ரூபாய்க்கும் ரசீது, மாதக் கணக்கு பூங்கா வாசலில் ஒரு தாளில். தனி ஆள் ஒருவரின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். நல்லவர்களின் பெயர் கெடுவதே இப்படித்தான்.

நிலம் மாநகராட்சியுடையது என்று உறுதியானதும், என்ன கட்டுவது என்று பேசுவதற்கு முன் ஒரு மூலையைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் தெரிவித்து, மனு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை ஆறரை முதல் எட்டரை வரை இரண்டே மணி நேரம். மொத்த இடத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பதினோரு மணி வெயிலில் எல்லோரும் ஓடிவிடுவார்கள், அடுத்த வாரம் ஆள் வராது. வாசலை ஒட்டி 20-க்கு 15 அடி போதும். பதினைந்து பேருக்கு நாலு மண்வெட்டி, இரண்டு கடப்பாரை, மூன்று அரிவாள், ஆறு பாண்டுச் சட்டி, தடித்த கையுறை, காலி சிமென்ட் சாக்கு நாற்பது. ரப்பர் செருப்போடு யாரையும் விடாதீர்கள், கருவேல முள் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறும். முதலில் இரண்டு பேர் நீளக் கம்பால் புதரைத் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டே சுற்றி வரட்டும். வெளியே போகிற வழியை மறிக்காமல் ஒரே பக்கத்திலிருந்து தட்டினால் பாம்பு தானாகப் போய்விடும். கண்ணாடிச் சில்லைக் கையால் பொறுக்க வேண்டாம், மேல்மண்ணோடு அள்ளிச் சல்லடையில் போடுங்கள். குப்பை ஏற்றும் வண்டி எட்டு மணிக்கு வருவது உறுதியான பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். குவித்து வைத்த குப்பை ஒரு ராத்திரி அங்கே இருந்தால், மறுநாள் காலையில் அது இரண்டு மடங்காகியிருக்கும்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க ஜே.சி.பி.தான் சரி. அரை நாள் வாடகைக்கு முடிந்துவிடும். மற்ற மரங்களைத் தொடாதீர்கள், அவற்றுக்கு அனுமதி வேண்டும். இடிபாட்டில் உடைந்த செங்கல்லையும் கான்கிரீட்டையும் தனியே ஒதுக்கி வையுங்கள், பாதைக்கு அடியில் போட உதவும்.

திறந்த மூலையில் அன்றே இரண்டு பழைய பெஞ்சும் ஒரு விளக்கும் வந்துவிட வேண்டும். கோலம் போடுகிற வீடுகள் வாசலில் போடுவதோடு, குப்பை விழும் அந்த முனையிலும் ஒரு வாரம் போடட்டும். குப்பைத்தொட்டி இருந்த இடத்தில் கோலம் போடுவது சென்னையில் பழகிய வழி, கோலத்தின் மேல் கொட்டப் பலருக்குக் கை வராது. 1989-ல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு தெருத்தெருவாகக் கற்றுக்கொடுத்ததும் இதுபோன்றதே: வீட்டுக்கு வீடு சிறு சந்தா, ‘தெரு அழகர்’ என்று பெயர் கொடுத்த ஒரு பணியாளர், ஒரு மூன்று சக்கர வண்டி. பெரிய திட்டம் எதுவும் இல்லாமல் பல தெருக்களில் தொட்டி காணாமல் போனது. ஆனால் இடிபாடு கொட்ட வருகிற டாடா ஏஸ் கோலத்துக்கு மசியாது. வாசலில் மூன்றடி இடைவெளி விட்டுக் கருங்கல் நடுங்கள். கார் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு மாதம் முன்பே தேதி சொல்லி, தெருவில் எங்கே நிறுத்தலாம் என்று அளந்து காட்டிவிட்டு நடுங்கள். மாற்று சொல்லாமல் கல் நட்டால் அந்த நாலைந்து குடும்பமும் நிரந்தர எதிர்ப்பாளர்கள்.

இனி மூன்று நாள், இரண்டு வேலைநாளும் ஒரு ஞாயிறும், எண்ணுங்கள். காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலு முதல் ஆறரை, இரவு ஏழு முதல் ஒன்பது. யார் வந்தார்கள், என்ன வயது, என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்தால் போதும். பத்தாவது படிக்கும் பிள்ளைகள் அழகாகச் செய்வார்கள். ‘இங்கே யாருக்குக் கோர்ட் வேண்டும்?’ என்ற சண்டையை அந்தத் தாள் முடித்து வைக்கும்.

உங்கள் அளவுக்கு எல்லாமே அடங்கும் என்பதுதான் நல்ல செய்தி. எல்லையிலிருந்து நாலடி உள்ளே தள்ளி, ஐந்தடி அகலத்தில் சுற்றுப் பாதை போட்டால் நடுக்கோட்டின் நீளம் 348 அடி, அதாவது 106 மீட்டர். பத்துச் சுற்றில் ஒரு கிலோமீட்டர் தாண்டிவிடும். பாதையின் பரப்பு 1,740 சதுர அடி. அடியில் நாலு அங்குலம் செங்கல் ஜல்லி இறுக்க ஆறு யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) வேண்டும். ஒதுக்கி வைத்த இடிபாட்டிலேயே பாதி தேறும். மேலே பேவர் பிளாக் போட்டால் இருபுறமும் விளிம்புக் கல் சுமார் 700 அடி. விளிம்புக் கல்லை மிச்சம் பிடிக்கிற ஒப்பந்ததாரர்களிடம் ஜாக்கிரதை. அது இல்லாத பேவர் ஒரே மழையில் பக்கவாட்டில் விலகி, பாதை அலை அலையாகிவிடும். வயதானவர்கள் விழுவது அந்த அலையில்தான்.

பாதைக்கு உள்ளே 62-க்கு 102 அடி மிச்சம். ஷட்டில் இரட்டையர் ஆட்டத்துக்குக் களம் 20-க்கு 44. சுற்றி ஐந்தடி விட்டால் 30-க்கு 54, ஒரு மூலையில் உட்காரும். சிமென்ட் தளம் இப்போது வேண்டாம். மண்ணைச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கழற்றி மாட்டுகிற கம்பத்தோடு ஆறு மாதம் ஓடட்டும். ஆடுகிறவர்கள் நிலைத்தால் தளம் போடலாம். அதே இடத்தில் பகலில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் பழகலாம், பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கலாம். இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டம் இல்லை என்பதை விளக்கின் சுவிட்சே சொல்லிவிட வேண்டும். வாய்ச்சொல்லில் விட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்காத அன்று சண்டை வரும்.

நான் அதிகம் வற்புறுத்துவது அடுத்த விஷயத்தை. உங்கள் பக்கம் தாழ்வான பூமி. பூங்கா என்றதும் பத்து லோடு மண் கொட்டிச் சாலையைவிட ஓரடி உயர்த்திவிடுவார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஐப்பசி மழையில் அந்த ஓரடித் தண்ணீர் பக்கத்து வீடுகளுக்குள் போகும். தலைகீழாகச் செய்யுங்கள். பாதை சாலை மட்டத்தில் இருக்கட்டும். கோர்ட் போக மிச்சமுள்ள பக்கத்தில் 40-க்கு 50 அடியை ஓரடி பள்ளமாக, ஓரடி ஆழத்துக்கு மூன்றடி என்ற மென்சரிவோடு தோண்டுங்கள். சரிவைக் கழித்தாலும் சுமார் 49,000 லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் நாலு லாரிக்குச் சமம். தோண்டிய மண் சுமார் 17 யூனிட், பாதையை மட்டப்படுத்த அதுவே போதும், வெளியிலிருந்து லோடு வேண்டாம். மழையில்லாத பத்து மாதமும் அது புல்வெளிதான், பிள்ளைகள் உருண்டு விளையாடுவார்கள்.

தண்ணீர் இறங்குமா என்று முன்பே பாருங்கள். ஓரடி கன அளவில் குழி வெட்டி, ஒரு முறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுமுறை நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைவென்றால் களிமண். பள்ளத்துக்குள் இரண்டு உறை கிணறு இறக்கி, களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரை போக வேண்டும். மூன்று நாளுக்கு மேல் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு வாரம் தேங்கினால் கொசு உறுதி, ‘பூங்காவால்தான் டெங்கு’ என்று ஒரு குரல் கிளம்பும். பள்ளம் நிரம்பினால் வழிந்தோட மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய். அது கழிவுநீர் கலந்த வடிகாலா என்று முதலில் மோந்து பாருங்கள். கலந்தது என்றால் அங்கிருந்து தண்ணீர் உள்ளே திரும்பாதபடி ஒருவழி மூடி அவசியம்.

மரம் பதினைந்து போதும். நூறு கன்று நட்டுப் படம் எடுக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். பத்தாவது மாதம் பத்துதான் மிஞ்சும். புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு, சரக்கொன்றை நல்லது. நாவலைப் பாதையை விட்டுத் தள்ளி நடுங்கள், பழம் விழுந்து தரை வழுக்கும். குல்மோகர் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எந்த மரங்கள் சாலையில் கிடந்தன என்று பெரியவர்களைக் கேளுங்கள். குழி மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி, இடைவெளி பதினெட்டு அடிக்குக் குறையாமல். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நடாதீர்கள். அந்தத் தேதி தென்மேற்குப் பருவமழை ஊர்களுக்குப் பொருந்தும். நமக்கு அது கத்தரி முடிந்தும் அனல் தணியாத நேரம். ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேரைப் பிடித்துக் கொடுக்கும். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, கன்றுக்கு இருபது லிட்டர். தண்ணீர் ஊற்றுகிறவரின் பெயர் இல்லாத கன்றை நடவே வேண்டாம். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பையும் இடிபாடும் கிடந்த இடத்தை ‘நிழல்’ அமைப்பு 2006 முதல் மரப்பூங்காவாக மாற்றியது. ஒரு ஞாயிறு காலை குழுவோடு போய்ச் சுற்றிப் பாருங்கள். நட்ட மரங்களைவிட, அவற்றைக் காத்த முறையைக் கவனியுங்கள்.

ஊஞ்சல் இரண்டு வையுங்கள், வேறு விளையாட்டுக் கருவி இப்போதைக்கு வேண்டாம். ஆடும் திசையில் முன்னும் பின்னும் குறுக்கே யாரும் நடக்க முடியாதபடி தாழ்வேலி வேண்டும். அடிபடுவது ஆடும் பிள்ளையைவிடக் குறுக்கே ஓடும் பிள்ளைதான் அதிகம். கீழே ஓரடி ஆழம் ஆற்று மணல், மாதம் ஒரு முறை கிளறிச் சலிக்க வேண்டும், பூனை தன் வேலையைக் காட்டியிருக்கும். சங்கிலி மாட்டும் கொக்கியைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் தேய்ந்திருக்கும். திறந்தவெளி ஜிம் கருவிகளை யாராவது நன்கொடையாகத் தர முன்வந்தால், பேரிங் மாற்றுவது யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு ஆறு பெஞ்சு வாங்கலாம், சாய்மானமும் கைப்பிடியும் வைத்து. கைப்பிடி இருந்தால்தான் முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க முடியும்.

பிள்ளையார் விஷயத்தைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். தோற்கிறவர்கள் மனம் புண்படும், ஜெயித்தாலும் செய்ய முடியாது. பூங்கா உட்பட்ட பொது இடங்களில் எந்த மதத்தின் வழிபாட்டுக் கட்டடமும் புதிதாக வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் ஆணையிட்டிருக்கிறது. யோசனை சொன்னவரைத் தனியே பார்த்து அதைச் சொல்லிவிட்டு, காலை சாவி வேலையை அவரிடமே கொடுங்கள். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து வருகிற ஆளாக இருப்பார்.

செலவைப் பொறுத்தவரை தொகை சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். விலை ஆறு மாதத்தில் மாறும், அளவு மாறாது. மேலே உள்ள அளவுகளைக் கொடுத்து மூன்று இடத்தில் விலை கேளுங்கள். முழுப் பணத்தையும் வசூலிக்கவும் வேண்டாம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் தந்தால் மிச்சத்தை அரசு தருகிறது. 12 லட்ச ரூபாய் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு 4 லட்சம். சுவர், பாதை, விளக்கு, உறை கிணறு எல்லாம் அதில் வரட்டும். மின் இணைப்பு மாநகராட்சி பேரில்தான் இருக்க வேண்டும். ‘தற்காலிகமாக எங்க வீட்டு மீட்டரிலிருந்து எடுத்துக்கலாம்’ என்று ஒரு நல்லவர் சொல்வார். நாலாவது பில்லில் அந்த நல்ல மனம் போய்விடும். விளக்கு மரத்துக்கு மேலே இருந்தால் இலைக்குத்தான் வெளிச்சம். பன்னிரண்டடிக் கம்பத்தில், பாதையைப் பார்த்து, எதிர்வீட்டுப் படுக்கையறைக்கு முதுகு காட்டி நிற்கட்டும்.

கவுன்சிலரைக் கடைசியில் திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுக்குக் கீழே பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, எண்ணிய தாளையும், நில ஆவண நகலையும், ஒரே பக்கத்தில் வரைந்த படத்தையும் கொண்டு போய், கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வைத்து, அதன் நகல் வாங்குங்கள். மண்டல அலுவலகத்தில் ‘எங்கள் நகருக்குப் பூங்கா வேண்டும்’ என்ற மனு நூறு கிடக்கும். சர்வே எண்ணும் தீர்மான எண்ணும் போட்ட மனுவைத் தூக்கி ஓரமாக வைப்பது கடினம்.

மாதச் செலவுதான் மிச்சம். 140 வீட்டில் 90 வீடு தரும் என்று மட்டும் கணக்கு வையுங்கள். நூறு ரூபாய் வீதம் மாதம் 9,000. அதில் தினமும் இரண்டு மணி நேரம் வருகிற ஒருவருக்குக் கூலி, மாதம் ஒரு முறை மணல் சலிக்க, புல் வெட்ட. மிச்சத்தில் மாதம் ஆயிரமாவது தொடாமல் ஒதுக்குங்கள், பெஞ்சுப் பலகையும் ஊஞ்சல் கொக்கியும் மாற்றுகிற நாள் கட்டாயம் வரும். தராத ஐம்பது வீட்டின் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள். அவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுவார்கள், விளையாடட்டும்.

தகவல் உரிமை மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பதில் வருவதற்குள் ஒன்பது பேரைத் தேடி முடித்துவிடலாம். பின் தெருவிலிருந்து வருகிற அந்த ஒருவரை முதலில் தேடுங்கள்.